கெட்ட புத்தி சொல்றேன், கேட்டுக்கோ

நல்ல புத்தி சொல்ல இந்த ஊருல ஆளுக்குப் பஞ்சமே இல்ல பேராண்டி. காதுகுத்துக்குன்னு நீங்க கார்ல வந்து இறங்கி ஒரு பொழுது ஆகல, அதுக்குள்ள தெருவுல இருக்குற கிழவிக அம்புட்டுப் பேரும் உன் பொண்டாட்டியச் சுத்தி உக்காந்து, எண்ணெய் தேய்க்கிறதுல ஆரம்பிச்சு இருமலுக்கு ஓமம் வரைக்கும் சொல்லி முடிச்சாச்சு. பத்தாததுக்கு அவ கையில இருக்குற போனு வேற, உங்க குழந்தை இந்த வாரம் இன்னதைச் செய்யணும்னு கணக்குக் கேக்குது. எல்லாரும் நல்ல புத்தியே சொன்னா கெட்ட புத்தி யாரு சொல்றது? எண்பதைத் தாண்டியாச்சு, இனிமே என் பேரு கெட்டு என்ன ஆகப்போகுது. இப்படித் திண்ணையில உக்காரு. சட்டைக் காலர்ல ஒட்டியிருக்குற இட்லியத் தொடைக்காத. இன்னும் ரெண்டு வருசத்துக்கு அது அங்கதான் இருக்கும். தொடைச்சா வேற இட்லி வரும்.

வந்ததுல இருந்து பாக்குறேன், மூத்தவனுக்கு ஒரு பெட்டி நெறைய விளையாட்டுச் சாமான் கொண்டாந்திருக்க. எழுத்துப் படிக்க ஒண்ணு, எண்ணிப் பழக ஒண்ணு, மூளை வளர ஒண்ணு. அட்டையில மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்காம். அஞ்சு வயசுக்காரன் பெட்டிய ஓரமாத் தள்ளிட்டு என் வெத்தலை உரலை எடுத்துக்கிட்டான். சும்மா இடிக்கட்டும்னு விட்டேன். செத்த நேரங்கழிச்சு எட்டிப் பாத்தா, உள்ள வெள்ளை வெள்ளையா என்னமோ நொறுங்கிக் கிடக்கு. கொட்டப்பாக்குன்னு நெனச்சு ஒரு கிள்ளு எடுத்து வாயில போட்டேன். துவர்க்கவும் இல்ல, கரையவும் இல்ல. துப்பிட்டு நிமிர்ந்தா நீ தலையில கைய வெச்சுக்கிட்டு நிக்கிற, காதுல மாட்டுற சாமானைக் காணோம்னு. கம்பியே இல்லாம பாட்டுக் கேக்குமாமே, விலையக் கேட்டா ஒரு வெள்ளாட்டங்குட்டி வாங்கலாம் போல. ஆனா குறை சொல்லக் கூடாதுப்பா, பிள்ளை நல்ல பதமாத்தான் இடிச்சிருந்தான். சுண்ணாம்பு மட்டுந்தான் சேக்கல.

அதுக்கப்புறம் நீ என்ன செஞ்ச? உரலைப் பிடுங்கத் துரத்துன. வாசல்ல ஒரு சுத்து, மாட்டுக்கொட்டத்துல ஒரு சுத்து. உனக்கு நாக்குத் தள்ளுது, அவன் சிரிச்சுக்கிட்டே ஓடுறான். இதைக் கேட்டுக்கோ: பிள்ளை கையில எது இருந்தாலும் துரத்தாத. திரும்பிக் கூடப் பாக்காத. அவன் அந்தச் சாமானுக்காக எடுக்கல, எடுத்தா உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க எடுத்திருக்கான். நீ கண்டுக்கலைன்னா அங்கயே போட்டுட்டு, அடுத்த மூஞ்சியத் தேடிப் போயிருவான். கத்தி, அருவாமனை, தீப்பெட்டி, பூச்சி மருந்து, இந்த நாலுக்கு மட்டும் ஓடு. அதுக்கும் ஓட வேண்டியதில்லாம முதல்லயே ஒசரத்துல வெச்சிரு. மத்தது போனாப் போகுது. இவன் கையில சிக்காம வெச்சு அனுபவிக்கணும்னா அந்தச் சாமானை இன்னும் பத்து வருசங்கழிச்சு வாங்கியிருக்கணும்.

மத்தியானம் உன் பொண்டாட்டி சின்னதுக்குச் சோறு ஊட்டுனதை இங்க இருந்தே முழுசாப் பாத்தேன். கிண்ணத்துல பருப்புஞ்சோறு, நெய் விட்டுக் குழையப் பிசைஞ்சிருந்தா. முதல் வாய் காக்காயக் காட்டி. ரெண்டாவது வாய் எதுத்த வீட்டு ஆட்டுக்குட்டியக் காட்டி. அப்புறம் கரண்டு கம்பத்துல ஏறியிருந்த லயன்மேனைக் காட்டி ரெண்டு வாய். அந்தாளு இறங்கிட்டா சாப்பாடு நின்னுரும்னு உன் பொண்டாட்டி கீழ இருந்தே அவருகிட்ட என்னமோ பேச்சுக் குடுத்தா. பிள்ளையும் சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு தரமும் வாயத் தொறந்துச்சு. கிண்ணம் காலி. தாயிக்கு முகமெல்லாம் பூரிப்பு. முழுசாச் சாப்பிட்டா தாத்தான்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள போனா.

எனக்குத்தான் தெரியும். வலது கன்னம் மட்டும் உப்பி இருக்கு. பாதிச் சோறு அங்க இருக்கு, அதக்கி வெச்சிருக்கு. அந்தக் கன்னத்தோட தெரு முக்கு வரைக்கும் நடந்துச்சு. பார்வதி மதினி கொழுகொழுன்னு இருக்காளேன்னு அதே கன்னத்தைக் கிள்ளுனா. அப்பவும் வாயத் தொறக்கல, வைராக்கியம். கடைசியில தூக்கம் சொக்கவும் நேரா என் மடிக்கு வந்து, உள்ளங்கைய நீட்டச் சொல்லி, அம்புட்டையும் பத்திரமா எடுத்து என் கையில வெச்சிட்டுப் படுத்திருச்சு. பருப்பு பருப்பாவே இருந்துச்சு. தாயி, நீயும் கேட்டுக்கோ. தூங்க வைக்கிறதுக்கு முன்னால கன்னத்துக்குள்ள ஒரு விரல் விட்டுப் பாத்திரு, தொண்டையில சிக்கிரப் போகுது. மத்தபடி பசிச்சா அவளே கேப்பா. அவ வயித்துக்கு அவ பிடிச்ச பிடி போதும், நீ உன் பிடியில உருட்டுனா கன்னத்துலதான் நிக்கும்.

சிந்துனதுக்கும் அப்புனதுக்கும் நீ தலையில அடிச்சுக்க வேணாம். பாண்டிய ராசா ஒருத்தர், அறிவுடை நம்பின்னு பேரு, இதையெல்லாம் ரசிச்சுப் பாட்டே பாடி வெச்சிருக்காரு. புறநானூத்துல 188-ஆவது பாட்டு. பிள்ளை தட்டுல கைய விட்டுத் தொட்டு, அள்ளி, கடிச்சு, நெய்ச்சோத்த மேலெல்லாம் எறைச்சுக்கிட்டு நிக்கும் பாரு, அந்தக் காட்சி இல்லாதவனுக்கு எம்புட்டுச் சொத்து இருந்தும் பொறந்து ஒரு பிரயோசனமும் இல்லைங்கிறாரு. ராசா சொல்லலாம். அரமணையில தரையத் தொடைச்சது யாருன்னு அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை கிடையாது. வள்ளுவரும் அப்படித்தான். பிள்ளை கைய விட்டுக் கலக்குன கூழு அமிழ்தத்த விட ருசின்னுட்டு அடுத்த குறளுக்குப் போயிட்டாரு. வாசுகியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்க வேற குறள் வந்திருக்கும்.

சோறு இறங்கலைன்னதும் ராத்திரி போனைக் காட்டுனீகளே, அதையும் பாத்தேன். பொம்மை பாடுது, பிள்ளை வாயைப் பிளக்குது, கோயில் உண்டியல்ல காசு போடுற மாதிரி நீங்க உள்ள தள்ளுறீக. சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லுவா, உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிருச்சாம்: ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்குப் போனு, டிவி எதுவுமே ஆகாது, ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, கொறைச்சா இன்னும் நல்லது. அப்பன்மாருக்கு எம்புட்டு நேரம்மான்னு கேட்டேன். அதுக்கு இன்னும் உத்தரவு வரலையாம். அதான் நீ காலையில கக்கூசுக்குள்ள போனவன் வெயில் ஏறுற வரைக்கும் வெளிய வரல. எங்க காலத்துல ஆம்பளை ஒளியணும்னா கண்மாய்க்கரை இருந்துச்சு, களத்துமேடு இருந்துச்சு, டீக்கடை இருந்துச்சு. உனக்குப் பாவம், நாலடிக்கு நாலடி. அதையும் சின்னது கண்டுபிடிச்சிருச்சு. கதவுக்கு அடியில அஞ்சு விரலையும் நுழைச்சு, அப்பா அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே படுத்துக் கிடந்துச்சு. உள்ள இருந்து மூச்சுச் சத்தங்கூட வரல. நீ பொழைச்சுக்குவ.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்த கேடுன்னு உங்க அம்மா சொல்லிக்கிட்டுத் திரியுறா. நம்பாத. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரியாழ்வார் இருந்தாரே, ஆயிரம் வருசத்துக்கு முந்துன மனுசன், அவரு யசோதையா மாறி அழுகுறாரு: தொட்டில்ல போட்டா கிழிய ஒதைக்குறான், தூக்கி வெச்சா இடுப்ப ஒடிக்குறான், இறுக்கிக் கட்டிக்கிட்டா வயித்துல பாயுறான், தெம்பு இல்லாம நான் இளைச்சே போயிட்டேன் தாயேன்னு. மார்கழிப் பிரசங்கத்துல இதைச் சொன்னப்ப கூட்டத்துல இருந்த பொம்பளைக பூராவும் கண்ணைத் தொடைச்சாக. பக்தின்னு பிரசங்கக்காரரு நெனச்சிருப்பாரு. அன்னைக்கு ராத்திரியெல்லாம் முழிச்சவளுகதான் முன்வரிசையில இருந்தாளுக.

அதுக்கப்புறம் வந்த புலவர்க இதையே பத்துப் பருவமாப் பிரிச்சுப் பிள்ளைத்தமிழ்னு பாடுனாக. தலை ஆட்டுறதுக்கு ஒரு பருவம், கை கொட்டுறதுக்கு ஒரு பருவம், முத்தம் கேக்க ஒண்ணு, நிலாவக் கூப்பிட ஒண்ணு. ஆம்பளைப் பிள்ளையா இருந்தா, பொம்பளைப் பிள்ளைக கட்டுன மணல் வீட்டை ஒதைச்சுத் தள்ளுறதுக்குன்னே தனியா ஒரு பருவம். நீ அவனை அடுக்குமாடி கட்ட வைக்கக் கட்டை வாங்கிக் குடுக்குற, இலக்கணம் அவனை ஒதைக்கச் சொல்லுது. இதுல பேரு வாங்குனவரு மீனாட்சியம்மைக்குப் பாடுன குமரகுருபரர். அவரு யாரு? கல்யாணமே பண்ணாத சாமியாரு. பெத்தவனா இருந்தா ரெண்டாம் பருவத்துலயே எழுத்தாணியோட தூங்கியிருப்பான்.

அந்தக் குமரகுருபரர் கதையிலயே உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. ஸ்ரீவைகுண்டத்துக்காரரு. அஞ்சு வயசு வரைக்கும் ஒரு பேச்சும் இல்லையாம். பெத்தவுக திருச்செந்தூருக்குத் தூக்கிட்டுப் போயி முருகன் சன்னதியில கிடந்தாகளாம். வாயத் தொறந்ததும் கந்தர் கலிவெண்பா. இதைச் சொல்லித்தான் நேத்து அந்தக் கிழவிக, சின்னது பேசலைன்னா என்ன, தானா வரும்னு உன் பொண்டாட்டியத் தேத்துனாளுக. தாயி, கதை கதையா இருக்கட்டும். ரெண்டு வயசு முடிஞ்சும் ரெண்டு வார்த்தையச் சேத்துச் சொல்லலைன்னா டாக்டர்கிட்டக் காட்டு, முதல்ல காது கேக்குதான்னு பாக்கச் சொல்லு. எல்லாத்துக்கும் முருகனே வரணும்னா அவருக்கு வேற வேலை இல்லையா? ஆனா உன் மக விசயத்துல எனக்குப் பயமில்ல. நேத்து நான் ஒரு முத்தம் கேட்டதுக்கு, "தாத்தா போ"ன்னா. ரெண்டு வார்த்தை. அச்சரம் பிசகல.

மருந்து விசயத்துலயும் கிழவிகளுக்கு முழுசாத் தலையாட்டாத. வசம்பைச் சுட்டு உரசணும், மாசிக்காய் உரசணும்னு கல்லோட வந்திருவாளுக. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர தண்ணி கூட வேணாம்னு டாக்டரம்மா சொன்னா அதோட விடு. வெள்ளைக்காரன் மருந்துன்னா அதுக்கும் மயங்காத. இங்கிலாந்துல 1851-ல ஒருத்தரு கண்டுபிடிச்ச கிரைப் வாட்டர்ல அந்தக் காலத்துல சாராயமும் கலந்திருந்துச்சாம், பேப்பர்ல போட்டிருந்தான். பிள்ளை ஏன் சிரிச்சிக்கிட்டே தூங்குச்சுன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

இப்ப கொஞ்சம் கிட்ட வா, இது நம்ம வீட்டுச் சங்கதி. உன் பொண்டாட்டி களைச்சுப் போயி உக்காந்தா உங்க அம்மாவும் அத்தைமாரும் சொல்றாக, நாங்கல்லாம் ஏழும் எட்டும் பெத்து வளக்கலையா, உனக்கு ரெண்டுக்கே மூச்சு வாங்குதான்னு. உங்க பாட்டி எட்டுப் பெத்தா. தங்குனது ஆறு. அந்தக் காலம் பொற்காலம்னு எவனாவது பேசுனா அந்த ரெண்டையும் நெனச்சுக்கோ, தடுப்பூசிச் சீட்டைத் தொலைக்காம வெச்சுக்கோ. சரி, அந்த ஆறை வளத்தது யாரு? நானுமில்ல, உங்க பாட்டியுமில்ல. உங்க பெரிய அத்தை. ஏழு வயசுல இருந்து அவ இடுப்பு காலியா இருந்து நான் பாத்ததில்ல. உத்தரத்துல நூல் சேலைத் தொட்டில் தொங்கும். அதுல ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனையத் தன் கால் பெருவிரல்ல மாட்டியிருப்பா. காலு ஆட்டிக்கிட்டே இருக்கும், கை ரெண்டும் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கிட்டே இருக்கும். வாய் எங்கிட்டோ ஓடுறவன அதட்டிக்கிட்டு இருக்கும். மூணாப்போட நிறுத்துன பிள்ளை. அவ அசந்தா எதுத்த வீட்டு ஆச்சி, அவ இல்லைன்னா கோடி வீட்டு மதினி. எந்தப் பிள்ளை எந்த வீட்டுல தின்னுச்சு, எவ வீட்டுத் திண்ணையில தூங்குச்சுன்னு ராத்திரி எண்ணிப் பாக்கும்போதுதான் தெரியும். சில நாள் ஒண்ணு கூட இருக்கும்.

நான் என்ன செஞ்சேன்னு கேக்குற. பேரு வெச்சேன். அதையும் சரியாக் கூப்பிட்டதில்ல. ஒருத்தனைக் கூப்பிடணும்னா அஞ்சு பேரு சொல்லித்தான் ஆறாவதா அவன் பேருக்கு வருவேன், அதுக்குள்ள அவன் ஊர் எல்லையத் தாண்டியிருப்பான்.

ஒரு தெருவே சேந்து பாத்த வேலைய, நீங்க ரெண்டு பேரும் ஆறாவது மாடியில கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்குறீக. பாத்துட்டு, எங்களுக்கு வளக்கத் தெரியலையோன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறீக. ஆளு பத்தலடா, புத்தி குறைஞ்சு போகல. அடுத்த தரம் யாராவது எட்டுப் பெத்த கதையச் சொன்னா, அந்த வீட்டு மூத்த மக எங்கன்னு மட்டும் கேட்டுப் பாரு. பேச்சு மாறிரும்.

ராத்திரி விவகாரத்துக்கு வருவோம். பிள்ளை அழுதா யாரு எந்திரிக்கிறதுங்கிறதுல உலகத்துல எந்தப் புருசன் பொண்டாட்டிக்கும் வாய்ச்சண்டை வராது, ரெண்டு பேரும் தூங்குறாகளே. நீ தூங்குற மாதிரி நடிக்கிறது சரியில்ல பேராண்டி, நேத்து அடுத்த அறையில இருந்தே கேட்டேன். அழுகைச் சத்தம் வந்ததும் உன் கொறட்டை நின்னுருச்சு. நிசமாத் தூங்குறவன் கொறட்டை எதுக்குடா நிக்குது? அதே தாளத்துல விட்டுக்கிட்டே இருக்கணும். நடுவுல ஒரு தரம் புரண்டு படுக்கணும், ஆனா பிள்ளை பக்கமாப் புரளக் கூடாது. நாற்பது வருசம் உங்க பாட்டிய ஏமாத்துன வித்தை இது. ஏமாத்துனேன்னுதான் நெனச்சிருந்தேன். போறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னால, எனக்கு முதல் நாளே தெரியும்னா. அதனால தாயி, உனக்கும் ஒண்ணு சொல்றேன். அவன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நீ ஆரம்பிச்சிரு. ஒரு வாரம் அசையாமக் கிட. அவன் எந்திரிச்சே ஆகணும். பிள்ளைக்குப் பால் எந்த டப்பாவுல இருக்குன்னு தேடுறதுக்குள்ள வீடே முழிச்சிரும், அது வேற விசயம்.

அடிக்கிறதைப் பத்தி ஒண்ணு. அடியாத மாடு படியாதுன்னு உங்க சித்தப்பன் சொல்லுவான். அவன் கிட்டயும் மாடு இல்ல, பழமொழிதான் இருக்கு. விடு.

நாளைக்கு அய்யனார் கோயில்ல காது குத்து. மொட்டைக்கு அழுகுறது பெரிசில்ல, தண்ணி பட்ட கூச்சம். முதல் காதும் பெரிசில்ல. மாமன் மடியில உக்கார வெச்சுப் பழத்தைக் காட்டி, என்ன நடக்குதுன்னு தெரியுறதுக்குள்ள ஆசாரி கம்பிய ஏத்திருவாரு. ரெண்டாவது காதுதான் சங்கதி. அதுக்குள்ள பிள்ளைக்கு எல்லாம் வெளங்கிரும். அப்ப மாமன் கையில சிக்குறது பிள்ளை இல்ல, கெளுத்தி மீனு. உன் மச்சினன் பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு வரப் போறானாம். வேணாம்னு சொல்லு. மூத்தவனுக்கு அன்னைக்கு மடியில உக்கார வெச்ச மாமன் பல்லுத் தழும்ப இன்னும் சுமக்குறான். ரெண்டு காதுக்கும் ரெண்டு ஆசாரியா வெச்சு ஒரே நேரத்துல குத்திட்டா வேலை சுளுவு, அதுக்கு மாமன் ரெண்டு பேருக்கும் காசு குடுக்கணும், அங்கதான் பேச்சு நிக்குது. அழுகைய நிறுத்தக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயி வாங்கியிருக்கியாம். ரெண்டு வயசுக்கு அது வேணாம், தொண்டையில அடைச்சுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஒரு கிள்ளு குடு. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, கூட்டத்துல பாதிப் பேரு அதைப் பாத்ததும் அழ ஆரம்பிச்சிருவான். கடலைமிட்டாய என்கிட்டக் குடுத்துரு. எனக்குந்தான் நாளைக்குப் பல்லு இருக்குமே. கெடாக்கறிக்குன்னு வருசத்துக்கு ஒரு தரம் மாட்டுற பல்செட்டைக் கழுவி இந்தா இந்தச் சொம்புலதான் ஊறப் போட்டிருக்கேன்.

சொம்பு சாஞ்சு கிடக்கு.

ஏலே, சின்னது எங்க? அந்தா, மாட்டுத் தொட்டிகிட்ட நிக்கிறா பாரு, கையில என்னத்தையோ வெச்சு நாய்க்கு ஊட்டிக்கிட்டு. ஏலே அது என் பல்லு! உக்காந்து சிரிக்காத, எந்திரி, துரத்துலே, துரத்து!